அறுபது வயது லென்ஸ், இருபது வயது கேமரா

தாலி கட்டும் நேரத்தில் போட்டோக்காரருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. கெட்டிமேளம் முழங்கி அட்சதை பறக்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் ஃபோகஸ் பிடித்து, ஃபிளாஷ் அடித்து, அடுத்த படத்துக்கு ஃபிலிமையும் இழுத்து வைத்திருக்க வேண்டும். எண்பதுகளில் எங்கள் கலவைப் பக்கம் கல்யாணம் எடுத்தவர்கள் முகூர்த்தத்துக்கு முன்பே மணவறையிலிருந்து பத்தடி தள்ளி ஓர் இடத்தைப் பிடித்துவிடுவார்கள். லென்ஸின் தூர வளையம் பத்தடியில், அப்பர்ச்சர் வளையம் எட்டில். 50 மி.மீ. லென்ஸை இப்படி வைத்தால் ஏழே முக்கால் அடியிலிருந்து ஏறக்குறைய பதினான்கு அடி வரை உள்ள எல்லாம் தெளிவாக விழும். மாப்பிள்ளை குனிந்தாலும், நாத்தனார் முடிச்சுப் போட நெருங்கி வந்தாலும் படம் தப்பாது. பத்தடிக்கு எட்டு, ஏழடிக்குப் பதினொன்று என்று ஃபிளாஷின் முதுகிலேயே அட்டவணை இருக்கும். அப்புறம் வ்யூஃபைண்டரில் கண்ணை வைப்பது யார் தலையும் வெட்டுப்படாமல் பார்க்கத்தான்.

வெளியூர்க்காரர்களுக்குக் கலவை என்றால் 1907இல் காஞ்சி மகாபெரியவர் பீடமேறிய ஊர். வேலை தேடுகிறவர்களுக்கு ராணிப்பேட்டை டேனரிகளுக்குப் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஊர். இதுபோன்ற சின்ன ஊர்களின் ஸ்டூடியோக்களில் அன்று கண்ட கேமராக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேலிருந்து குனிந்து பார்க்கும் யாஷிகா மேட், ரோலுக்குப் பன்னிரண்டு படம். பிறகு 35 மி.மீ. வந்தபோது பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3. கொஞ்சம் வசதி வந்தவர்களிடம் நிக்கான் எஃப்எம்2, பின்னாளில் எஃப்எம்10. 1991க்கு முன் வெளிநாட்டுக் கேமரா வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜார் வரை போக வேண்டும், இல்லையென்றால் வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் யாராவது கொண்டுவர வேண்டும். அதனால் ஒரு லென்ஸை வாங்கியவர் அதை ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டார். அந்த ஒரு லென்ஸ் எந்த அப்பர்ச்சரில் எப்படி விழும் என்று அவருக்கு மனப்பாடம்.

தப்பு நடந்தால் தெரிவதற்கு நாளாகும். 36 படமும் முடிந்து, ரோலைக் கழுவி, பிரிண்ட் போட்ட பிறகுதான் ஃபோகஸ் போன படம் கையில் கிடைக்கும். அதற்குள் எந்த வளையம் எங்கே இருந்தது என்பது மறந்திருக்கும். தொழில் கற்றுக்கொள்ளும் பையனுக்கு வருடக்கணக்கானதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2003இல் கேனான் 300டி வந்தது, அடுத்த ஆண்டு நிக்கான் டி70. ஆறு மெகாபிக்சல், கூடவே தானே ஃபோகஸ் பிடிக்கும் ஜூம் லென்ஸ். சில வருடங்களில் மேனுவல் லென்ஸ்கள் பீரோவின் மேல்தட்டுக்குப் போயின. அதே மேல்தட்டுக்கு இப்போது டி70களும் டி200களும் ஏறிவிட்டன. மிரர்லெஸ் வந்தபின் அவற்றைக் கேட்பாரில்லை. நான் எழுத வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான். இரண்டு தலைமுறை ஓரங்கட்டிய பொருட்கள் ஒரே தட்டில் கிடக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

நிக்கானில் இது ரொம்பச் சுலபம். 1959இல் போட்ட லென்ஸ் பூட்டின் வடிவத்தை மிரர்லெஸ் வரும்வரை அவர்கள் மாற்றவேயில்லை. 2005இல் வந்த டி200இல் பழைய லென்ஸின் குவியத்தூரத்தையும் பெரிய அப்பர்ச்சரையும் மெனுவில் பதிந்துவிட்டால் மீட்டரும் வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை உண்டு. 1977க்கு முந்தைய, வளையம் திருத்தப்படாத லென்ஸ்களை டி200இல் திருகினால் கேமராவின் விளிம்பில் இருக்கும் சின்ன நெம்புகோல் உடையலாம். 2006இல் வந்த எளிய டி40இல் அந்த நெம்புகோலே கிடையாது, ஆகவே பழையதும் பயமின்றி ஏறும். பதிலுக்கு மீட்டர் இருக்காது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அப்படி ஒரு டி40ஐ வாங்கிக்கொண்டு பழைய ஸ்டூடியோக்காரரிடம் போனார். "அண்ணா, மீட்டர் ஒண்ணும் காட்டலையே" என்றார். "மீட்டர் எதுக்குப்பா, மேல வெயில் அடிக்குதில்ல? 100 ஸ்பீடுக்கு 125ல வை, பதினாறுல வை. நிழலுக்குப் போனா மூணு ஸ்டாப் திற." ஃபிலிம் டப்பாவோடு வந்த தாளில் அச்சிட்டிருந்த கணக்குதான் அது. டி40இன் மிகக் குறைந்த ஸ்பீடு 200 என்பதால் ஷட்டரை 250க்கு ஏற்றிக்கொண்டார்; முதல் படமே சரியாக விழுந்தது. சரியா தப்பா என்பது அந்த நொடியிலேயே திரையில் தெரிந்துவிட்டது. அன்று ஒரு வாரம் காத்திருந்து கற்றதை இவர் ஒரு சாயங்காலத்தில் கற்கிறார், அதே வளையங்களைத் திருகி.

திருகு மரை போட்ட எம்42 லென்ஸ்களுக்கு அளவு பார்க்க வேண்டும். லென்ஸின் பூட்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே அவை எதிர்பார்க்கும் தூரம் 45.46 மி.மீ. கேனானில் அது 44. இடைவெளி ஒன்றரை மி.மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் மெல்லிய வளையம் ஒன்று போதும், தொலைவில் உள்ள மலையும் தெளிவாக விழும். நிக்கானின் தூரம் 46.5, அதில் எம்42 போட்டால் கிட்டத்தில் இருப்பது மட்டுமே ஃபோகஸாகும். சோவியத் நாட்டு ஹீலியாஸ் 44 இந்த எம்42 ஜாதிதான். ஜெர்மனியின் பயோட்டாரைப் பார்த்துச் செய்த 58 மி.மீ. லென்ஸ் அது, பின்னணி இலைகளைச் சுழற்றிக் காட்டும். 2024இல் வந்த 'டூன்' இரண்டாம் பாகத்தை ஒளிப்பதிவு செய்த கிரெய்க் ஃப்ரேசர், புது உடம்பு மாட்டிய சோவியத் லென்ஸ்களைப் பயன்படுத்தினார் என்பதைக் கேட்டு எங்கள் பக்கத்துப் பையன்களும் ஹீலியாஸைத் தேடுகிறார்கள்.

லென்ஸ் மாறவில்லை. அதன் வழியே பார்க்கும் ஜன்னல்தான் மாறிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்குள்ள உண்மையான வருத்தம் இதுதான், ஃபிலிம் போனதில் இல்லை. எஃப்எம்2இன் வ்யூஃபைண்டர் நடுவில் பிளந்த வட்டம் இருக்கும். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி இரண்டு துண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகத் திருகத் துண்டுகள் நகர்ந்து ஒன்று சேரும். சேர்ந்த இடத்தில் அழுத்த வேண்டியதுதான். அதன் உருப்பெருக்கம் 0.86. டி40இல் 0.8 என்று போட்டிருந்தாலும், சென்சார் சிறியது என்பதைக் கணக்கில் எடுத்தால் 0.53 அளவுக்குத்தான் படம் தெரியும். பிளந்த வட்டமும் போய்விட்டது. ஆட்டோஃபோகஸ் கேமராக்களின் திரை பளிச்சென்று தெரிவதற்காகச் செய்தது, 1.4 லென்ஸைப் போட்டாலும் ஏறக்குறைய 2.8இல் இருக்கும் தெளிவையே காட்டும். கண்ணுக்குச் சரியாகப் பட்டது படத்தில் கலங்கியிருக்கும். வயதானவர்கள் 'நம்ம கண்ணு போச்சு' என்று கேமராவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கண் போகவில்லை. கேனான் 5டியில் மேனுவல் ஃபோகஸுக்கென்றே வேறு திரை மாற்றிக்கொள்ளலாம். நிக்கானில் ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளியை நம்ப வேண்டும், லென்ஸ் 5.6 அல்லது அதைவிடப் பெரிதாகத் திறந்தால்தான் அதுவும் எரியும்.

லென்ஸின் மேல் வரைந்த தெளிவுக் கோடுகளையும் அப்படியே நம்பக்கூடாது. அவை 35 மி.மீ. ஃபிலிமுக்கு வரைந்தவை. சின்ன சென்சாரின் படத்தை அதிகம் பெரிதாக்குகிறோம். ஆகவே அதே 50 மி.மீ., அதே எட்டு, அதே பத்தடியில் தெளிவு ஏறக்குறைய எட்டரை அடி முதல் பன்னிரண்டரை அடி வரை சுருங்கிவிடும். பார்வையும் 75 மி.மீ. அளவுக்கு ஒடுங்கும். நிக்கான் சென்சாரில் 35 மி.மீ. லென்ஸை மாட்டினால் பத்தடியிலேயே நிற்கலாம், ஏழடியிலிருந்து பதினாறடி வரை தெளிவு கிடைக்கும்.

எங்கள் பகுதிக்கே உரிய வேலை ஒன்றுக்கு இந்த ஜோடியை மிஞ்ச ஆளில்லை: தோலைப் படமெடுப்பது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வாங்குபவருக்குத் தோலின் மேற்பரப்பைக் கிட்டத்தில் காட்ட வேண்டியிருக்கும். வழவழப்பான தோலில் ஆட்டோஃபோகஸ் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். 55 மி.மீ. மைக்ரோ நிக்கார் என்ற பழைய லென்ஸைக் கடைசிவரை திருகி நிறுத்திவிட்டு, கேமராவையே மெல்ல முன்பின் நகர்த்தினால் போதும். டி200இல் 47 மி.மீ. அகலத் துண்டு படம் முழுக்க நிரம்பும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். மாட்டுத்தோலின் மயிர்க்கண்கள் ஒரே சீராக நெருங்கித் தெரியும். ஆட்டுத்தோலில் அவை பெரிதும் சிறிதுமாகச் சேர்ந்து வளைந்த வரிசைகளில் போகும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் மங்கிய பழுப்பும் பழைய சிசிடி சென்சாரில் நம்பும்படி வருகிறது. பத்து மெகாபிக்சல் இதற்குப் போதாது என்பவர்கள் படத்தை அச்சிட்டுப் பார்த்தவர்கள் அல்ல.

அதே தோல்தான் லென்ஸுக்கு எமனும். அன்றைய கேமராக்கள் பழுப்புத் தோல் உறையோடு வந்தன. உறையோடேயே பீரோவுக்குள் போயின. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு இரையுமாகும். குரோமில் பதனிட்ட ஈரத்தோலுக்கு டேனரியில் பூஞ்சைக்கொல்லி போடுவதே இதற்காகத்தான். ஐப்பசி, கார்த்திகை மழை சில கடந்தால் லென்ஸுக்குள் நூல் நூலாகப் படர்ந்துவிடும். விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். உறையைக் கழற்றித் தனியே வையுங்கள். லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சூப்பர் டகுமார் 50 மி.மீ. 1.4 போன்ற சிலவற்றில் கண்ணாடியே மஞ்சளாகியிருக்கும். அது பூஞ்சை இல்லை, கண்ணாடியில் கலந்த தோரியத்தால் வந்தது. சில நாள் வெயில் காட்டினால் வெளுக்கும். பின்பக்கம் அலுமினியத் தாள் வைத்து மூடாமல் காட்டினால் குவிந்த வெயிலில் வீட்டில் தீப்பற்றலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை டிஜிட்டல் நகலெடுத்துப் பாதுகாத்துள்ளது. அது பெரிய காரியம். படம் எடுத்த லென்ஸ்களைத் திறந்து மூடத் தெரிந்த கைகளைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. உள்ளே கிரீஸ் இறுகி வளையம் நகராத லென்ஸைச் சரிசெய்ய, மரையின் எந்த இடத்தில் இரண்டு பாகமும் கழன்றது என்று குறித்துக்கொண்டே பிரிக்க வேண்டும்; திரும்பப் பூட்டும்போது ஒரு சுற்று தவறினாலும் தூரக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். இந்த வேலையைப் பார்த்தே கற்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. டி40 வாங்கிய அந்தத் தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அண்ணாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வளையம் இறுகிய ஒரு யாஷிகா லென்ஸைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.