தஞ்சைக்குக் குழுப் பயணம்: அரை நாள் போதுமா?

ஆஸ்திரேலியாவின் மெல்பன் நகருடைய தென்கிழக்குப் புறநகரான கேரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு ஆலயத்துக்கு 1994ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. விக்டோரியா மாநிலத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் திராவிடக் கோயிற்கலையை முதலில் கண்டது இங்கேதான். அக்கலையின் உச்சங்களில் ஒன்றான தஞ்சாவூரை அவர்களுக்கு நேரில் காட்ட, பாட்டன் பாட்டியுடன் குழுவாகச் செல்லும் எண்ணம் இத்தகைய குடும்பங்களில் எழுவது இயல்பே.

ஆனால் தமிழகச் சுற்றுலா நிரல்கள் பலவற்றில் தஞ்சைக்கு அரை நாள்தான் ஒதுக்கப்படுகிறது. மூத்தவர்களுக்கு இது மீண்டும் வாய்க்காத பயணமாக இருக்கலாம். எனவே எத்தனை ஊர்களைப் பார்ப்பது என்பதைவிட, தஞ்சையில் எத்தனை இரவு தங்குவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. குறைந்தது மூன்று இரவுகள் தேவை எனலாம்.

விக்டோரியாவின் நீண்ட பள்ளி விடுமுறை டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி இறுதிவரை நீடிக்கிறது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடக்கூடும். ஜனவரி இதமானது. மாட்டுப் பொங்கலன்று பெரிய கோயில் நந்திக்குக் காய்கனிகளால் அலங்காரம் செய்யப்படும். அருகிலுள்ள திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் பெரும்பாலும் அம்மாதத்தில் வருகிறது. கூட்டம் மிகும் என்பதால், தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே உறுதி செய்வது அவசியம்.

ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளோர், கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவரும், தனித்தனியே இந்திய விசா பெற வேண்டும். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகத் திருச்சியில் இறங்கினால், தஞ்சைக்குச் சாலைவழித் தொலைவு சுமார் 60 கிலோமீட்டர் மட்டுமே. சென்னையிலிருந்து வருவோருக்கு அது 300 கிலோமீட்டருக்கும் மேல்.

முதலாம் இராஜராஜன் 1010ஆம் ஆண்டு நிறைவு செய்த பெரிய கோயிலை, 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கு காலணியின்றியே நடக்க வேண்டும். வெயில் ஏறினால் கல்தரை கொதிக்கும். நண்பகலில் கருவறை நடையும் சாத்தப்படும். ஆகவே அதிகாலையில் கோயில், பின்னர் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகள், நண்பகலில் ஓய்வு, மாலையில் மீண்டும் கோயில் என்ற ஒழுங்கு முதியோருக்கும் சிறாருக்கும் பொருந்தும். கருவறையைச் சுற்றியுள்ள உட்பிராகாரத்துச் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் வழக்கமாகப் பார்க்க இயலாது என்பதையும் குழுவினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல் அதே பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தாராசுரத்தையும், மெழுகு அச்சு முறையில் சிலை வார்க்கும் சுவாமிமலையையும் ஒரே நாளில் காணலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தனி நாள் வேண்டும். நடக்க இயலாதோர் விடுதியில் தங்கவும், மற்றவர்கள் செல்லவும் இரு சிறு வாகனங்கள் அமர்த்துவது ஒரே பெரிய பேருந்தைவிட வசதியானது.

பொருள்கள் வாங்குவதிலும் கவனம் தேவை. நூறாண்டு கடந்த சிலைகளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசர் திருமேனியை, கன்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. 2014இல் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிதாக வார்த்த சிலைக்கு ரசீது பெற்றுக்கொள்வது நல்லது. நெட்டி வேலைப்பாடு, மர வீணை போன்ற தாவரப் பொருள்களை ஆஸ்திரேலியா திரும்புகையில் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பயணச்சீட்டு வாங்குமுன் குழுவினர் அனைவரும் ஒருமுறை கூடிப் பேசி முடிவு செய்வது உகந்தது. அக்கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் வசதியை முதலில் கேட்டால், நாள்களின் எண்ணிக்கை தானாகவே தெளிவாகிவிடும்.