பரவையார் திறந்த கதவு

திருவாரூர்த் தேரோடும் வீதியில் ஒரே இரவில் இருமுறை தூது நடந்தார் தியாகேசப் பெருமான். நடந்தது தோழர் சுந்தரருக்காக. நடக்க வைத்தது பரவையாரின் ஊடல். பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாற்றினூடே சேக்கிழார் பெருமான் இதனை விரித்துரைக்கிறார்.

தென்றல் வீசக் கண்டு ஆரூர் வசந்த விழாவை நினைந்த சுந்தரர், திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்டார். பிரியேன் என்று மகிழின் கீழ்ச் சங்கிலியாருக்குச் செய்த சபதம் பிழைத்தது. இரு கண்ணும் மறைந்தன. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார். இறைவன் மன்னித்துவிட்டான். மனைவியோ மன்னிக்கவில்லை.

சுந்தரரின் பரிசனங்களைப் பரவையாரின் ஏவலர் மாளிகைக்கு அருகேயும் விடவில்லை. அடுத்துச் சென்ற சான்றோர் நயமாக எடுத்துரைத்தனர். குற்றமுடைய அவருக்காக இன்னும் பேசினால் தம் உயிரே நீங்கும் என்று பரவையார் விடையளித்தார். இதனை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. அன்பற்றவர் கதவைச் சாத்திவிட்டு உறங்கிவிடுவர்; உயிரைப் பணயமாக வைத்துப் பேசமாட்டார்.

முதல் தூதில் பெருமான் அர்ச்சகர் வடிவில் வந்தார். பங்குனித் திருநாளுக்குத் தம்மைப் பிரிந்து போய், ஒற்றியூரில் சங்கிலியால் பிணிப்புண்டவருக்கு இங்கே என்ன தொடர்பு என்று கேட்டார் பரவையார். சங்கிலி என்பது பெயராகவும் தளையாகவும் நின்று சுடுகிறது. பங்குனியைக் குறித்ததிலும் பொருள் இருக்கிறது. அந்தத் திருநாளில் பரவையார் செய்யும் தானத்துக்காகவே முன்பு சுந்தரர் திருப்புகலூரில் பொன் வேண்டி, செங்கற்களே பொன்னாக மாறப் பெற்றார். தமக்காகப் பொன் தேடியவர் அதே திருநாளில் அருகில் இல்லை என்பதே அவரை வருத்தியது.

வந்தவர் சென்ற பிறகே வந்தவர் யார் என்பது பரவையாருக்குப் புலனாயிற்று. எம்பெருமானையா மறுத்தனுப்பினோம் என்று கண் துயிலாமல் கலங்கினார். இரண்டாம் முறை பெருமான் பூதகணங்களும் தேவரும் சூழத் தம் வடிவிலேயே வந்தார். பரவையார் நடுங்கி எதிர்கொண்டு வணங்கினார். அன்பருக்காகத் திருவடி வருந்த ஓர் இரவெல்லாம் அங்குமிங்கும் உழன்று இத்தனை எளிமையாக வந்தால், இசையாமல் நான் என்ன செய்வேன் என்றார்.

இங்கேதான் ஐயம் எழுகிறது. அந்தச் சொல்லில் கணவர் பெயரே இல்லை. இசைந்தது இறைவனின் திருவடிக்கா, சுந்தரருக்கா? ஆண்டவன் கேட்டபின் மறுக்க வழியின்றி இசைந்தார் என்பாரும் உண்டு. அப்படியாயின் கதவு மட்டுமே திறந்திருக்கும். சேக்கிழார் காட்டும் அடுத்த காட்சி வேறு. மாளிகையை அலங்கரித்து, விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து வாயிலில் காத்து நிற்கிறார் பரவையார். சுந்தரரைக் கண்டதும் காதல் கரை காணாத வெள்ளமாய்ப் பெருகுகிறது. நாணமும் அச்சமும் கூடவே எழுகின்றன. கோபித்தவருக்கே அச்சம் என்பதுதான் நெஞ்சைத் தொடுகிறது. திருவடிக்காக மட்டும் இசைந்தவருக்கு அந்த நாணம் எங்கிருந்து வரும்?

பரவையார் வணங்கினார். நம்பி அவர் கையைப் பற்றி மாளிகைக்குள் அழைத்துச் சென்றார். ஒற்றியூரைப் பற்றி அங்கே பரவையார் ஒரு கேள்வி கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை.