பின் சக்கரத்துல 'சர்ர்' சத்தமா? ஃபெண்டர் ரோலிங் பற்றி

அகலமான டயர் போட்ட புதுசுல, பின் சீட்ல மூணு பேர் ஏறினாலே என் கார்ல 'சர்ர்'னு சத்தம் வரும். சக்கர வளைவுக்கு உள்ளே நீட்டிட்டு இருக்கிற தகட்டு விளிம்பு டயரைச் சீவுற சத்தம் அது. ஹைவேல டயர் கிழிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த விளிம்பை உள்பக்கமா மடக்குறதுதான் ஃபெண்டர் ரோலிங். சக்கரத்தைக் கழற்றிட்டு ஹப்பில் ரோலரை மாட்டி, ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா அழுத்தணும். நான் அவசரப்பட்டேன், பெயின்ட் விரிசல் விட்டுச்சு. டச்-அப் பண்ணலைன்னா துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இதுல கிடைக்கிறது சில மில்லிமீட்டர்தான். அப்பவும் உரசினா, வெட்டிடலாம்னு சொல்வாங்க. ஆனா பின்பக்கம் வெளித்தகடும் உள்தகடும் அந்த விளிம்புலதான் ஸ்பாட் வெல்டிங்கில் சேருது. வெட்டினா திரும்ப வெல்டு அடிச்சு மூடணும். நான் வெட்டலை, ஒரு சைஸ் சின்ன டயருக்கு மாறிட்டேன்.