ஐடி வேலையை விட்டுட்டு எம்பிஏ படிக்கலாமா? ஓஎம்ஆர் இன்ஜினியர்கள் போட வேண்டிய கணக்கு!

கோவளத்தில் இருந்து மேற்கே திரும்பினால் கேளம்பாக்கம், அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் சிறுசேரி சிப்காட் ஐடி பூங்கா. அதே கோவளத்தில் இருந்து ஈசிஆரில் தெற்கே போய் மாமல்லபுரத்தைத் தாண்டினால், மணமையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கல்வி நிறுவனம். சிறுசேரியில் நாலைந்து வருஷம் கோடிங் எழுதிய பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வருகிறது. வேலையை விட்டுட்டு அந்தப் பக்கம் போகலாமா?

எம்பிஏ எதை மாற்றுகிறது?

இன்ஜினியரிடம் பெரும்பாலும் "இதை எப்படிச் செய்வது?" என்றுதான் கேட்பார்கள். எம்பிஏ முடித்தவரிடம் "இதைச் செய்யணுமா, யார் வாங்குவாங்க, என்ன விலை?" என்று கேட்பார்கள். ப்ராடக்ட் மேனேஜர், கன்சல்டிங் போன்ற வேலைகள் இந்த ரகம்.

சுந்தர் பிச்சை காரக்பூர் ஐஐடியில் உலோகவியல் படித்தவர். அமெரிக்காவில் சிப் தயாரிப்பு இயந்திர நிறுவனம் ஒன்றில் இன்ஜினியராக இருந்துவிட்டு, 2002-ல் வார்ட்டனில் எம்பிஏ முடித்தார். பிறகு மெக்கின்சி, 2004-ல் கூகுள். அங்கே ப்ராடக்ட் பிரிவில்தான் சேர்ந்தார்.

ஆனா, எம்பிஏ இல்லாம முடியாதா? டாடா சன்ஸ் தலைவர் என்.சந்திரசேகரன் நாமக்கல் மாவட்டம் மோகனூர்காரர். திருச்சி ஆர்இசியில் எம்சிஏ படித்து, 1987-ல் டிசிஎஸ்ஸில் சேர்ந்து, 2009-ல் அதன் சிஇஓ ஆனார். அவர் எம்பிஏ படிக்கவில்லை.

பணக் கணக்கு

உதாரணத்துக்கு, மாதம் கையில் ரூ.60,000 வாங்குகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். ஒரு வருஷப் படிப்புக்கு ரூ.20 லட்சம் கடன். 10% வட்டி, 7 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.33,200. அதாவது, படிப்பு முடிந்து கையில் ரூ.93,000-க்கு மேல் வந்தால்தான் பழைய நிலைமைக்கே திரும்புகிறீர்கள்! படிக்கும் வருஷத்தில் இழக்கும் ரூ.7.2 லட்சம் சம்பளம் இதில் சேரவில்லை. இரண்டு வருஷப் படிப்பு என்றால் அந்த இழப்பு இரட்டிப்பு. வீட்டில் ஏற்கெனவே இஎம்ஐ ஓடுகிறது என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு. பழைய வரி முறையைத் தேர்வு செய்தவர்களுக்கு மட்டும்.

வேலையை விடாமல் படிக்க முடியுமா?

முடியும். சத்யா நாதெள்ளா மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே சிகாகோவில் வார இறுதி எம்பிஏ படித்து 1997-ல் முடித்தார். சென்னையிலேயே ஐஐடி மெட்ராஸின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, நுங்கம்பாக்கம் லிபாவின் பகுதிநேரப் படிப்பு போன்றவை இருக்கின்றன. சம்பளம் நிற்காது. ஆனால் இந்த வகைப் படிப்புகளில் கேம்பஸ் இன்டர்வியூவை பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இப்போதிருக்கும் கம்பெனியிலேயே மேலே போக நினைப்பவருக்கு இதுதான் சரி. துறையையே மாற்ற நினைப்பவருக்குத்தான் முழுநேரப் படிப்பு.

"கோடிங் போரடிக்குது" என்பது மட்டும் காரணமாக இருந்தால் முதலில் டீம் மாறிப் பாருங்க, செலவில்லை. காலேஜ் முடித்த கையோடு சேர்வதைவிட, வேலை பார்த்துவிட்டுப் போவதே இன்ஜினியர்களுக்கு நல்லது. கிரேட் லேக்ஸின் ஒரு வருஷப் படிப்பு போன்றவை முன் அனுபவத்தைக் கட்டாயமாகவே கேட்கின்றன.

ஃபீஸ் கட்டும் முன் ஒன்று கேளுங்க. விளம்பரத்தில் வரும் அதிகபட்ச சம்பளம் வேண்டாம். சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது, உங்களைப் போலவே ஐடியில் இருந்து வந்தவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று கேட்டு, தணிக்கை செய்த ப்ளேஸ்மென்ட் அறிக்கையை வாங்கிப் பாருங்க.