கேஸ்கெட் தளர்ந்த ஜாம்பி படம்

குக்கரின் சூட்சுமம் மூடியில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகம் போகும், சூடு ஏறாது. அதே தண்ணீரை மூடி போட்டு, கேஸ்கெட்டால் அடைத்து, மேலே வெயிட்டை வைத்தால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறி 120 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. நெடுநேரம் வேக வேண்டிய பருப்பு சில விசிலில் குழைந்துவிடும்.

‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ திகில் படம் இயங்குவதும் இப்படித்தான். கதைக்குள் இருக்கும் ஒருவர் கையில் கேமரா இருக்கும். அதில் பதிவானதுதான் நாம் பார்க்கும் படம். கேமராவின் சட்டகம் மூடி மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. கேமரா பிடித்தவருக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு துளியும் நமக்குத் தெரியக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் கேஸ்கெட். இரண்டும் சரியாக இருந்தால் பயம் கசிய வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். 1999இல் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ சூனியக்காரியைக் கடைசிவரை கண்ணில் காட்டாமலே உலகம் முழுக்க ஆட்களை நடுங்க வைத்தது இந்த அழுத்தத்தால்தான்.

கேஸ்கெட் தளர்ந்தால் என்ன ஆகும்? ஓரமெல்லாம் ‘புஸ்’ என்று ஆவி போகும், விசில் வராது, தண்ணீர் வற்றி அடி பிடிக்கும். 2007இல் ஜார்ஜ் ஏ. ரொமேரோ எடுத்த ‘டைரி ஆஃப் தி டெட்’ அந்த ரகம். ரொமேரோ சாதாரண ஆள் இல்லை. 1968இல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்து, இன்று நாம் ஜாம்பி என்று சொல்லும் உருவத்தையே சினிமாவுக்குத் தந்தவர். அவர் கையாலேயே ஏன் வேகவில்லை என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

கதை எளிமையானது. காட்டில் மம்மி படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் சினிமா மாணவர்கள். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள் என்று வானொலியில் செய்தி வருகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு தேடிக் கிளம்புகிறார்கள். இயக்குநர் ஜேசன் வழி முழுக்கக் கேமராவை இறக்குவதே இல்லை.

முதல் கசிவு தொடக்கத்திலேயே. ஜேசனின் காதலி டெப்ரா குரல் கொடுக்கிறாள்: இந்தக் காட்சிகளைத் தொகுத்தது நான்தான், நீங்கள் பயப்பட வேண்டும் என்று அங்கங்கே இசையும் சேர்த்திருக்கிறேன் என்கிறாள். அவளே உட்கார்ந்து எடிட் செய்திருக்கிறாள் என்றால் அவள் பிழைத்துவிட்டாள். பிழைத்தவள் ஒவ்வொரு காட்சிக்கும் பொருள் சொல்கிறாள். ஊடகங்கள் பொய் சொல்கின்றன, கேமரா மனிதனைக் கல்லாக்குகிறது என்று படம் நெடுக விளக்கவுரை. கூடவே கண்காணிப்புக் கேமரா, இணையத்தில் இறக்கிய துண்டுகள், தொலைக்காட்சிச் செய்தி என்று பல பக்கமிருந்து காட்சிகள். போகப் போக மாணவர்களிடமும் இரண்டாவது கேமரா வந்துவிடுகிறது. இவர் பேசினால் இவர் முகம், அவர் பேசினால் அவர் முகம் என்று வழக்கமான படத்தைப் போலவே வெட்டிக் காட்டுகிறார்கள். ஒற்றைக் கேமராவின் குருட்டுத்தனம் போனதும் அழுத்தமும் போய்விட்டது. கேமரா ஆடுகிறது, தலை சுற்றுகிறது என்று பலர் இந்த வகைப் படங்களைக் குறை சொல்வார்கள். என்னைக் கேட்டால் இதில் கேமரா போதுமான அளவு ஆடவில்லை.

இரண்டாவது கோளாறு இன்னும் அடிப்படையானது. ரொமேரோவின் ஜாம்பிகள் மெதுவாக நடப்பவர்கள். தனியொரு ஜாம்பியை யாரும் எளிதாகத் தள்ளிவிட்டு ஓடிவிடலாம். பத்து, நூறு என்று சேரும்போதுதான் வயிற்றைக் கலக்கும். 1978இல் அவரே எடுத்த ‘டான் ஆஃப் தி டெட்’டில் பிட்ஸ்பர்க் பக்கத்து வணிக வளாகம் ஒன்றில் கூட்டம் பெருகுவதை அகலமான காட்சிகளில் பார்த்துத்தான் நமக்குக் கிலி பிடித்தது. கையில் பிடித்த கேமராவுக்கு அந்த அகலப் பார்வை கிடையாது. அதில் தெரிவது ஒன்று, இரண்டு பேர்தான். ஆக, ஒவ்வொரு தாக்குதலிலும் யாராவது மடத்தனமாக அங்கேயே நின்றுகொண்டிருக்க வேண்டியிருக்கிறது, ஜாம்பி நடந்து வந்து கடிப்பதற்காக.

அதையும் மிஞ்சும் மடத்தனம் மருத்துவமனையில். மற்றவர்கள் ஆபத்தைத் தேடி உள்ளே போக, ஜேசன் கேமராவுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஒரு இடத்திலேயே நின்றுவிடுகிறான். ‘ஏன் இன்னும் படம் எடுக்கிறாய்?’ என்ற கேள்விதான் இந்த வகைப் படத்தின் தண்ணீர். அதற்கு நம்பும்படி பதில் இருக்கும்வரை படம் வேகும். பதில் வற்றினால் தீய்ந்த வாடை வரும். உண்மையைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஜேசன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஆனால் தோழி ஒருத்தியை ஜாம்பி துரத்தும்போதும் உதவாமல் படமெடுக்கிறவனை நாம் நம்புவதில்லை, அவன்மேல் எரிச்சல்தான் படுகிறோம். ரொமேரோ அந்த எரிச்சலை வேண்டுமென்றே வரவழைக்கிறார் என்று வாதாடலாம். இருக்கட்டும். எரிச்சலும் பயமும் ஒரே நேரத்தில் வராது.

படத்தில் நன்றாக வெந்த பகுதியும் உண்டு. ஆரம்பத்தில் ஒரு செய்திக் குழு குடும்பக் கொலை ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருக்க, ஸ்ட்ரெச்சரில் இருக்கும் பிணங்கள் எழுகின்றன. செய்திக்குழுவுக்கு நமக்குத் தெரிந்ததைவிட ஒன்றும் அதிகம் தெரியாது. காது கேளாத ஆமிஷ் விவசாயி சிலேட்டில் எழுதித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் காட்சியும் அருமையான குறும்பு.

அதே 2007இல் ஸ்பெயினில் வந்தது ‘ரெக்’. இயக்கியவர்கள் ஹாமே பலகேரோ, பாகோ பிளாசா. இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஆஞ்செலா என்ற நிருபர் பார்சிலோனா தீயணைப்பு வீரர்களோடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போகிறாள். உள்ளே ஒரு தொற்று பரவ, கொஞ்ச நேரத்தில் அதிகாரிகள் கட்டடத்தை வெளியிலிருந்து அடைத்துவிடுகிறார்கள். மூடி இறுகிவிட்டது. கேமரா ஒன்றே ஒன்று. பிடித்திருப்பவன் தொழில்முறை ஒளிப்பதிவாளன், படம் எடுப்பது அவன் வேலை. பின்னணி இசை கிடையாது. தொற்று வந்தவர்கள் ஓடி வருகிறார்கள். குறுகிய மாடிப்படிக்கு அதுதான் பொருத்தம். கடைசியில் கேமரா விளக்கு போய், இரவுப் பார்வைப் பச்சை மட்டும் மிஞ்சும்போது விசில் அடிக்கிறது. மாடி அறையில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று நோயின் கதையை ஒப்பிப்பது எனக்குப் பிடிக்காத கசிவு. ஆனால் அதற்குள் பருப்பு வெந்துவிட்டது. பிளாசாவே 2012இல் மூன்றாம் பாகத்தை எடுத்தபோது, கல்யாண வீட்டில் தொடங்கிய சிறிது நேரத்தில் கேமராவை உடைத்துப்போட்டு வழக்கமான பாணிக்கு மாறிவிட்டார். இந்தப் பாத்திரத்தில் எத்தனை முறை சமைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

‘ரெக்’ பார்க்க நினைப்பவர்கள் ஸ்பானிஷிலேயே பாருங்கள். 2008இல் வந்த அமெரிக்க மறுபதிப்பு ‘குவாரண்டைன்’ அதன் கடைசிக் காட்சியையே போஸ்டரில் போட்டு உடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். ரொமேரோவைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 1968 படத்திலிருந்து தொடங்குங்கள். தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டதால் அது அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.