படிப்பு ஒன்று, பணி வேறொன்றா?



தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால், மதுரை வெயிலைக் காட்டிலும் சூடான விவாதம் ஒன்று நம் இல்லங்களில் தொடங்கிவிடுகிறது. காஜிமார் தெருவானாலும் சரி, கோரிப்பாளையமானாலும் சரி, நெல் விளையும் சோழவந்தான், மேலூர்ப் பகுதிகளானாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையை எதில் சேர்ப்பது?"

உடனே வீட்டில் ஒரு சிறு சபையே கூடிவிடுகிறது. "பொறியியல்தான்" என்கிறார் மாமா. "கணினி படித்தால் இங்கே வேலை நிச்சயம்" என்று துபாயிலிருந்து தொலைபேசியில் உறுதி கூறுகிறார் பெரியத்தா மகன். "கடைக்கு வரப் போகிறவனுக்குப் பட்டம் எதற்கு?" என்று கேட்கிறார் நன்னா. இத்தனை பேர் பேசும் சபையில், படிக்கப் போகும் பிள்ளையின் குரல் மட்டும் கேட்பதே இல்லை!

இந்த விவாதங்கள் அனைத்திற்கும் அடியில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. கல்லூரியில் பிள்ளை எந்தப் பாடத்தை எடுக்கிறதோ, அதுவே அதன் வாழ்நாள் தொழிலைத் தீர்மானித்துவிடும் என்பதே அது. இந்த நம்பிக்கையால் விருப்பமில்லாத பாடத்திற்காக நகைகள் அடகுக்குச் செல்கின்றன. "பி.ஏ. படித்து என்ன ஆகப் போகிறது?" என்ற ஒரு சொல்லில் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. ஆகவே, இந்த நம்பிக்கை எந்த அளவிற்கு உண்மை என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

வேதியியல் பயின்ற மூவர்

வேதியியல் பயின்ற மூவரின் வரலாற்றைப் பாருங்கள்.

முதலாமவர் நீதியரசர் மர்ஹூமா ஃபாத்திமா பீவி அவர்கள். 1927ஆம் ஆண்டு பத்தனம்திட்டையில் பிறந்த அவர், திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் பயின்று பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவருடைய தந்தையாரோ மகளைச் சட்டம் பயிலுமாறு ஊக்குவித்தார். சட்டம் முடித்து, 1950இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அம்மையார், படிப்படியாக உயர்ந்து, 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார். 2023 நவம்பரில் அவர் மறைந்தபோது அவருடைய தீர்ப்புகளை நினைவுகூர்ந்தோர் பலர். அவர் வேதியியல் பட்டதாரி என்பதை நினைவுகூர்ந்தோர் மிகச் சிலரே!

இரண்டாமவர் மதுரை நன்கறிந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள். வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் 1918இல் பிறந்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றது வேதியியல். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆனால் முடக்குவாதம் தாக்கி அவருடைய விரல்கள் கோணிவிட்டன. அந்தக் கனவு அத்துடன் முடிந்தது. அவர் ஓய்ந்துவிட்டாரா? இல்லை. கண் மருத்துவத்தைப் புதிதாகக் கற்றார். அந்தக் கோணிய விரல்களைக் கொண்டே நுண்ணிய அறுவை செய்யப் பழகி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது உலகமே வந்து பார்த்துச் செல்லும் நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

மூன்றாமவர் பேராசிரியர் இரா. வாசுதேவன் அவர்கள். திருப்பரங்குன்றத்திலுள்ள தியாகராசர் பொறியியற் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். தெருவெங்கும் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையைச் சாலை போடப் பயன்படுத்த முடியுமா என்று அவர் சிந்தித்தார். சூடான ஜல்லிக்கற்களின் மீது துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது எரியாமல் உருகிக் கல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் பின்னர் தாரைக் கலந்தால் பிடிப்பு உறுதியாகிறது. மழைநீர் உள்ளிறங்குவது குறைகிறது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே இம்முறையில் சாலை அமைத்துக் காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சாலை போடுவது கட்டடப் பொறியாளரின் வேலை என்று ஒதுங்கியிருந்தால், இந்த வழி பிறந்திருக்குமா?

பாடம் ஒன்றுதான். ஆயினும் ஒருவர் நீதிமன்றத்திற்குச் சென்றார். ஒருவர் அறுவை அரங்கிற்குச் சென்றார். ஒருவர் ஆய்வுக்கூடத்திலிருந்து சாலைக்கு இறங்கி வந்தார். முதல் இருவரும் வேதியியலை விட்டு விலகினர். மூன்றாமவர் வேதியியலை விட்டு விலகாமலே வேறொரு துறைக்குப் பயன்பட்டார். எவருடைய படிப்பும் வீணாகவில்லை.

நேர்வழியில் சென்றவர்களும் உண்டு

எல்லோரும் வழி மாறித்தான் செல்வர் என்று கூறிவிட இயலாது. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அவர்களை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியில் மின்னணுவியலும் தொடர்பியலும் பயின்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றார். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராகத் திகழ்ந்தவர் அவரே. கற்ற துறையிலேயே சிகரம் தொட்டவர். ஆனால், அவருடைய தந்தையாரோ கணிதப் பட்டதாரியாக இருந்தும் விருப்பத்துடன் விவசாயத்தை மேற்கொண்டவர். ஒரே குடும்பத்தில் இரண்டு விதமான வழிகள்!

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வரலாறும் நம் கவனத்திற்குரியது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று முடிக்கும் தறுவாயில்தான், தமக்குரியது பொறியியலே என்பதை அவர் உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி தம் தங்க வளையல்களை அடகு வைத்து உதவினார். படித்து முடித்ததும் விமானப்படை விமானியாக விரும்பினார். எட்டு இடங்களுக்கான தேர்வில் ஒன்பதாவதாக வந்து அந்த வாய்ப்பை இழந்தார். அந்த ஏமாற்றத்திற்குப் பின்னரே அறிவியல் பணி, ஏவுகணை, குடியரசுத் தலைவர் பதவி எல்லாம்! அந்தச் சகோதரி வளையலைக் கொடுத்தது தம்பியின் விருப்பத்திற்காகவே அன்றி, ஊரார் புகழும் ஒரு படிப்பிற்காக அன்று.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

"அப்படியானால் எதை வேண்டுமானாலும் படிக்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் சரியன்று. சில தொழில்களின் கதவுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றிற்குரிய சாவி ஒன்றே ஒன்றுதான்.

மருத்துவராக எண்ணும் பிள்ளை, பிளஸ் ஒன் வகுப்பிலேயே உயிரியல் அடங்கிய பிரிவை எடுப்பதே நல்லது. நீட் தேர்வையும் எழுதியாக வேண்டும். பொறியியற் கலந்தாய்வில் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்களில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்கிடுகின்றனர். கணிதத்தை விட்டுவிட்ட பிள்ளைக்கு அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிடுகிறது. ஆகவே, கல்லூரிப் பாடத்தைக் காட்டிலும், பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கும் பிரிவே பெரிய முடிவு. நம் இல்லங்களிலோ அந்த முடிவு, தோழன் எதில் சேர்ந்தான் என்பதைப் பார்த்து ஒரே நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது!

வேறு சில கதவுகள் பாதி திறந்தவை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்புவோருக்கு உரிய பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் தேவை. பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வையோ, எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் எழுதலாம். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். 2004 ஜூலை 24 முதல் மதுரையிலேயே உயர்நீதிமன்றக் கிளை இயங்கி வருவதால், சட்டம் பயின்றவர் சென்னைக்குக் குடிபெயர வேண்டிய கட்டாயமும் இல்லை.

மற்றுமுள்ள கதவுகள் அகலத் திறந்தே கிடக்கின்றன. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். முதலிய குடிமைப் பணித் தேர்விற்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்விற்கும், குரூப் 2 பதவிகளில் பெரும்பாலானவற்றிற்கும் அவ்வாறே. வங்கி அதிகாரிக்கான தேர்வும் அத்தகையதே. வரலாறு படித்தவரும், தமிழ் இலக்கியம் படித்தவரும், பொறியாளரும் அங்கே ஒரே வரிசையில் அமர்ந்து எழுதுகின்றனர். மாநிலத் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமாக்கப்பட்ட பின்னர், தமிழை ஊன்றிக் கற்ற பிள்ளைக்கு அச்சம் ஒன்று குறைந்திருக்கிறது.

பட்டத்தின் பெயரில் கவனம்

இங்கே ஓர் எச்சரிக்கை. கவர்ச்சியான புதுப் பெயர்களுடன் பற்பல பட்டப் படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. படித்து முடித்து அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, "இந்தப் பட்டம் அந்தப் பட்டத்திற்கு இணையானதா?" என்ற கேள்வி எழுகிறது. இணைத்தன்மை குறித்த அரசாணை இல்லையெனில், தேர்ச்சி பெற்றவரும் வாசலில் நிற்க நேரிடும். சேருமுன்னரே கல்லூரி அலுவலகத்தில் இதனைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதுபோலவே, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முறையாக இருக்கவேண்டும். பிளஸ் டூவை விட்டுவிட்டுத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் பெற்றோர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது ஏமாற்றமடைகின்றனர். கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் செய்தி இது. கேளாமல் விட்டால் மூன்றாண்டு உழைப்பே கேள்விக்குறியாகிவிடும்.

கடையும் கல்யாணமும்

வணிகக் குடும்பத்துப் பெற்றோரே! "எப்படியும் கடைதானே" என்று மகனின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். கடையில் அமர்வதற்குப் பட்டம் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால், சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கைத் தாமே புரிந்துகொள்ளவும், வங்கியில் கடன் கேட்டுப் பேசவும், வெளியூர் வணிகருடன் ஒப்பந்தம் எழுதவும் கற்ற அறிவு துணை நிற்கும். ஒருவேளை கடை நொடித்துப் போனாலும், அவன் கையில் மற்றொரு வழி இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948இலும், பாத்திமா கல்லூரி 1953இலும் பெண்களுக்கென்றே தோன்றின. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும், மதுரை வக்ஃபு வாரியக் கல்லூரியும் நம் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கின. வாசல்கள் அருகிலேயே இருக்கின்றன. மணமாகிச் சில ஆண்டுகள் இல்லத்தில் இருந்த பின்னரும், ஒரு பெண் தன் பட்டத்தைக் கொண்டு பி.எட். சேரலாம், சட்டம் பயிலலாம். வயது வரம்பிற்கு உட்பட்டுப் போட்டித் தேர்வும் எழுதலாம். பட்டமே இல்லையெனில் இவற்றுள் பெரும்பாலானவை இயலாது. அவள் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றாள் என்பதைக் காட்டிலும், பட்டத்தை முடித்தாளா என்பதே பெரிது.

என்ன செய்யலாம்?

இவ்வாண்டு உங்கள் வீட்டில் அந்தச் சபை கூடும்போது, முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறது என்று கவனியுங்கள். அது விரும்பும் தொழிலின் கதவு பூட்டியதா, திறந்ததா என்று அடுத்து விசாரியுங்கள். பூட்டியதாயின், அதற்குரிய பிரிவை இப்போதே எடுக்கச் செய்யுங்கள். திறந்ததாயின், விருப்பமான பாடத்தைப் படிக்கவிட்டு, அத்துடன் பிழையின்றி எழுதவும், தயக்கமின்றிப் பேசவும், கணக்கைக் கையாளவும் பழக்குங்கள். எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் இம்மூன்றும் உடன் வரும்.

கோணிய விரல்களுடன் ஒரு மருத்துவர் முதலிலிருந்து கற்றுக்கொண்ட ஊர் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு, பதினேழு வயதுப் பிள்ளையிடம் "இனி உன் வாழ்வு இவ்வளவுதான்" என்று நாம் கூறலாமா? பாடம் மாறலாம், பணியும் மாறலாம். கற்கும் ஆர்வம் மட்டும் அணையாதிருக்க வேண்டும். அதனைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. இன்ஷா அல்லாஹ், அந்தப் பொறுப்பை நாம் நிறைவேற்றுவோமாக!