இருமலுக்குக் கைமருந்து: எதுவரை?

லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை இரவில் இருமினால் அடுத்த வீட்டிலும் தூக்கம் கெடும். அப்போது பாட்டிமார் முதலில் தேடிப் போவது அடுப்படியைத்தான். இஞ்சி, மிளகு, துளசி, கற்பூரவல்லி என்று ஏதாவது ஒன்று கைக்குக் கிடைக்கும். இந்தக் கைமருந்துகளை எதுவரை நம்பலாம், எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

இருமல் ஒரு நோயன்று. அது உடம்பின் காவல்காரன். மூச்சுக்குழாயில் தூசியோ புகையோ சளியோ சேர்ந்தால், காற்றை வேகமாகத் தள்ளி அதை வெளியேற்றுகிறது. சாதாரணச் சளியோடு வரும் இருமல் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே தணிந்துவிடும். அதுவரை தொண்டைக்கு இதம் தருவதே கைமருந்தின் வேலை.

முதல் மருந்து வெந்நீர். இளஞ்சூடான நீர், கஞ்சி, மிளகு ரசம் ஆகியவை சளியை இளக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுங்கள். கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்கலாம்.

இஞ்சி கஷாயம் செய்வது எளிது. கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தட்டி, நான்கைந்து துளசி இலையுடன் இரண்டு கிளாஸ் நீரில் போட்டு, ஒரு கிளாஸாக வற்றும்வரை கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். பனைவெல்லம் சேர்த்துச் சூடு ஆறிய பிறகு சிறிது சிறிதாகக் குடிக்கலாம்.

தேனும் நல்லது. 2007இல் அமெரிக்காவில் 105 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், படுக்கப் போகுமுன் கொடுத்த சிறிதளவு தேன் இரவு இருமலைத் தணித்தது. ஆனால் தாய்மார்களே, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு தசைகளைத் தளரச் செய்து மூச்சையே நிறுத்திவிடக்கூடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாவதில்லை.

ஆடாதோடை இலையை நம் முன்னோர் இருமலுக்குப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவானது. எனினும் ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆகவே கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது.

பினாங்கு என்றால் ஜாதிக்காய்த் தைலம் நினைவுக்கு வரும். சௌராஸ்டா மார்க்கெட்டுக்குப் போனவர்கள் ஒரு புட்டியாவது வாங்கி வருவார்கள். பெரியவர்கள் நெஞ்சில் தடவிக்கொள்ளலாம். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்களைக் கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவாதீர்கள், மூச்சு முட்டும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின்மேல் பிள்ளைகளைக் குனிய வைத்து ஆவி பிடிக்கவும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் உடல் வெந்துவிடும்.

கடையில் கிடைக்கும் இருமல் மருந்திலும் கவனம் தேவை. 2022இல் காம்பியாவிலும் நம் அண்டை நாடான இந்தோனேசியாவிலும் நச்சு இரசாயனம் கலந்த குழந்தை மருந்துகளால் சிறுநீரகம் கெட்டுப் பல பிள்ளைகள் இறந்தார்கள். ஆகவே புட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி, கைமருந்தை நிறுத்த வேண்டிய இடம். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது விலா குழிந்தால், உதடு நீலம் பூத்தால், பால் குடிக்க மறுத்தால், பொழுது விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலும், சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், அரசாங்க கிளினிக்கில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது காசநோயாக இருக்கலாம்.

நம்மவர் சிலர் இந்தப் பெயருக்கே அஞ்சி, கஷாயத்தைக் குடித்துக்கொண்டு நோயை மறைக்கிறார்கள். 'ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள், குடும்பத்தை யார் பார்ப்பது' என்ற கவலை. இதற்குப் பதில் நம் தமிழகத்திலேயே கிடைத்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழைக் குடும்பத்து நோயாளிகள் சிலருக்கு வீட்டில் வைத்தும் சிலருக்குச் சானடோரியத்தில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான சிறு வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் உடனிருந்தவர்களுக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை போதும். ஆனால் இருமல் நின்றுவிட்டதே என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்தினால் நோய் திரும்பும். அப்போது மருந்துக்கும் கட்டுப்படாமல் போகலாம்.

ஆகவே நேயர்களே, இஞ்சியும் துளசியும் நம் அடுப்படியில் என்றும் இருக்கட்டும். அவற்றோடு சுவரில் ஒரு நாள்காட்டியும் இருக்கட்டும். இருமல் தொடங்கிய நாளில் அதில் ஒரு கோடு போடுங்கள். பதினான்கு நாள் கடந்தும் இருமல் நிற்கவில்லையென்றால், பதினைந்தாம் நாள் கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.